ஒழுகும் லாரியில் ஓர் ஆற்று சவாரி: விஸ்கான்சின் டெல்ஸ்

முதலில் புலம்பலை முடித்துவிடுகிறேன். சிகாகோவிலிருந்து விஸ்கான்சின் டெல்ஸ் போக ரயில்தான் சிக்கனம். யூனியன் ஸ்டேஷனில் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரம். எம்பயர் பில்டர் ரயில் அங்கே நிற்கும். 2024 மே மாதம் ஓட ஆரம்பித்த போரியாலிஸும் நிற்கும். இதுவரை எல்லாம் சரி. ஊரில் இறங்கியதும் டாக்சிக்காரர் ஒரு தொகை சொல்வார் பாருங்கள், ரயிலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரே சவாரியில் போய்விடும். பெட்டி சின்னதாக இருந்தால் நடந்துவிடுங்கள். வெயில் நேரமாக இருந்தால் பேரம் பேசிப் பாருங்கள், பலன் இருக்காது, மனசு ஆறும்.

ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே திரும்பினாலும் வாட்டர் பார்க், மினி கோல்ஃப், கண்ணைப் பறிக்கும் விளம்பரப் பலகை. திருவிழாக் கடைத்தெருவை நிரந்தரமாக்கியது மாதிரி. இத்தனை செலவு செய்து இங்கே வருவதற்கு என்னைப் பொறுத்தவரை ஒரே காரணம்தான் உண்டு: தரையிலும் தண்ணீரிலும் போகும், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ‘டக்’ வண்டிகள் இன்னும் தினசரி வேலை பார்க்கும் ஊர் இது. 1946-இல் மெல் ஃபிளாத் என்பவர் ராணுவம் கழித்துவிட்ட வண்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஆற்றுக்குள் இறக்கினார். உலகமெங்கும் நடக்கும் ‘டக் டூர்’ தொழிலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

டிக்கெட் வாங்கியதும் முன் வரிசையில் இடம் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்தால் காற்று, காட்சி எல்லாம் கிடைக்கும், ஆனால் பார்க்க வேண்டியது டிரைவரின் காலடியில் இருக்கிறது. ஒரு லாரிக்கு இத்தனை நெம்புகோல் எதற்கு என்று தோன்றும். ஐந்து கியருக்கு ஒன்று. தரையில் வேகமா, இழுவையா என்று மாற்ற ஒன்று. முன் ஆக்சிலை, அதாவது முன்சக்கர அச்சை, இழுவையில் சேர்க்க ஒன்று. தண்ணீரில் வண்டியைத் தள்ளும் விசிறியான புரொபெல்லரைச் சுழலவிட ஒன்று. தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் டிரைவர் கடி ஜோக்கை நிறுத்தாமலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, மூக்கை நேராகக் கரைக்குக் கொடுப்பார். கோணலாக இறங்கினால் ஒரு பக்கச் சக்கரம் முதலில் மிதந்து வண்டி சாயும். மூக்கு தண்ணீரில் குத்தி, மேலே வந்து, ஒரு தடவை தலையாட்டும். அந்தக் கணத்தில் எஞ்சின் சத்தம் மாறுவதைக் கேளுங்கள். சக்கரத்துக்கு இருந்த பாரம் விட்டுப் போய், புரொபெல்லர் அதை வாங்கிக்கொள்ளும். ஸ்டியரிங் அதேதான். முன்சக்கரமும் திரும்பும், பின்னால் சுக்கானும் திரும்பும்.

ஆறு ஏறி, கரை ஏறி, டெல்டன் ஏரியில் இறங்கி, காட்டுப் பாதையில் குலுங்கி, மொத்தம் ஒரு மணி நேரம். மணற்கல் பாறைகள் அழகு, மறுக்கவில்லை. டெல்டன் செயற்கை ஏரி. 2008 ஜூன் வெள்ளத்தில் கரை உடைத்துக்கொண்டு மொத்த நீரும் ஆற்றுக்குப் போய், ஏரிக்கரை வீடுகள் சிலவற்றையும் கொண்டுபோனது. இப்போது ஏரி நிறைந்து கிடக்கிறது, பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

இனி வண்டிக்கு வருவோம். ‘டக்’ என்றால் வாத்து, ஆனால் வாத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் தற்செயல். ஜிஎம்சி கம்பெனியின் மாடல் குறியீடு டி, யூ, கே, டபிள்யூ. டி என்றால் 1942-ஆம் ஆண்டு வடிவமைப்பு. யூ என்றால் பொதுப் பயன்பாடு. கே என்றால் முன்சக்கரத்துக்கும் இழுவை. டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு ஆக்சில். சிப்பாய்கள் அதைச் சேர்த்து வாசித்து வாத்தாக்கிவிட்டார்கள். ராணுவத்தின் இரண்டரை டன் லாரியின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, அப்படியே எடுத்து, சுற்றிலும் மெல்லிய இரும்புத் தகட்டில் படகு கட்டினார்கள். படகின் வடிவம் போட்டவர் ராட் ஸ்டீஃபன்ஸ், 1937-இல் அமெரிக்காஸ் கோப்பை என்ற படகுப் போட்டியை வென்ற ‘ரேஞ்சர்’ பாய்மரப் படகின் குழுவில் இருந்தவர். 1945-க்குள் 21,000-க்கு மேல் செய்து தள்ளினார்கள். நீளம் 9.4 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர், காலியாகவே ஆறு டன்னைத் தாண்டும் எடை. இதை ஒருவர் சொந்தமாக வாங்குகிறார் என்றால் முதல் செலவு வண்டிக்கு அல்ல, கொட்டகைக்கு.

ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், இந்த வண்டியின் மற்ற எல்லாமே புரிந்துவிடும். டக் ஒழுகும். புதிதாக இருந்தபோதும் ஒழுகியது. அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு மூன்று ஆக்சிலுக்கும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வெளியே போகிறது, புரொபெல்லர் ஷாஃப்ட் தனி. சுழலும் இரும்பு போகும் ஓட்டையில் தண்ணீர் வராமல் இருக்குமா? நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் கிளாண்ட் கயிறு தேய்ந்தால் சொட்டுமே, அதே கதை, இங்கே சொட்டுவது உள்பக்கம். செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ராட்சதப் பம்ப் வைத்தார்கள்: நிமிடத்துக்கு 260 கேலன் வரை, அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர். தகட்டில் இரண்டு அங்குல ஓட்டை விழுந்தாலும் வண்டி மிதக்கும் என்று கணக்கு. ஆனால் அந்தப் பம்ப் சுழல்வது புரொபெல்லர் ஷாஃப்டில் மாட்டிய செயினால். எஞ்சின் நின்றால் புரொபெல்லர் நிற்கும், பம்பும் நிற்கும். அப்புறம் மிச்சம் கைப்பம்பும் கடவுளும்.

டக் வைத்திருப்பவரின் தினப்படி வேலை முழுக்க இதைச் சுற்றித்தான். தண்ணீரில் இறங்குமுன் வடிகால் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது. அடுத்து ஷாஃப்ட் வெளியேறும் இடங்களில் உள்ள ரப்பர் உறைகள். வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் இறுகியிருக்கிறதா, உறை தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. தரைப் பலகையைத் தூக்கி அடியில் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் நின்றால் புது ஒழுகல் தெரியாது. இறங்கி சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பம்ப் குழாயிலிருந்து வெளியே தண்ணீர் விழுவது டிரைவர் கண்ணில் பட வேண்டும். துளி துளியாக விழுந்தால் நல்லது. தொடர்ந்து கொட்டினால் பம்ப் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், உள்ளே அவ்வளவு வருகிறது என்று அர்த்தம்.

கரை ஏறும்போது புரொபெல்லரை அவசரமாக நிறுத்தக் கூடாது. முன் ஆக்சிலையும் சேர்த்து ஆறு சக்கரமும் சுழல, புரொபெல்லர் பின்னாலிருந்து தள்ள, டயர் தரையைக் கவ்வும் வரை பொறுக்க வேண்டும். ஏறியதும் பிரேக் பிடிக்காது. டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும், மெதுவாக ஓட்டியபடி நாலைந்து முறை மிதித்துச் சூடாக்கிக் காய வைக்க வேண்டும்.

டயர் விஷயம் தனிக் கொண்டாட்டம். ஓடும்போதே டிரைவர் தன் இருக்கையிலிருந்து டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்த முதல் வண்டிகளில் இது முக்கியமானது. கெட்டிச் சாலைக்கு 40 பவுண்டு காற்றழுத்தம், கொழகொழ மணலுக்குப் பத்துப் பன்னிரண்டு. மணலில் புதையும் லாரியை 80 வருஷத்துக்கு முன்பே இப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெளிப்புறமாகக் குழாயும், சுழலும் இணைப்பும் வரும், அவை கிளையில் மாட்டும், தேயும், காற்று விடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் கிரீஸ். பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே தள்ளப்பட்டுப் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் அதிகமான காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்துவிட்டது. அன்றைக்கே மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் பேரிங் போய்விடும். வாங்கும்போது வெளிப் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். துரு உள்ளேயிருந்துதான் தின்னும், சேஸிஸுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கும் இடத்தில். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் ‘டங்’ என்ற சத்தம் ஓரிடத்தில் ‘பொத்’ என்று மாறும். அந்த ‘பொத்’துதான் உங்கள் பட்ஜெட்.

பட்ஜெட் என்றதும் பெட்ரோல் கணக்கு. டாங்க் 40 கேலன், நம் கணக்கில் 150 லிட்டர். ராணுவக் கணக்குப்படி அதில் சாலையில் 640 கிலோமீட்டர், தண்ணீரில் 80 கிலோமீட்டர். தண்ணீரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர்! லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய்க்குப் பக்கத்தில். வேகமாவது உண்டா? மணிக்குப் பத்துக் கிலோமீட்டர், சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார்.

நடுவில் சாப்பாடு. சீஸ் கர்ட் என்று கேளுங்கள், பொரிக்காதது. அன்று காலை செய்ததாக இருந்தால் பல்லில் படும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் போடும், ரப்பர் செருப்புப் போட்டு ஈரத் தரையில் நடந்த மாதிரி. ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் சத்தம் போய்விடும், அதற்கப்புறம் அது வெறும் சீஸ். பொரித்ததும் எல்லாக் கடையிலும் உண்டு. சூடாக இருக்கும் ஐந்து நிமிடம் தேவாமிர்தம், ஆறினால் மெழுகு. இந்த ஊரில் கொடுத்த காசு செரித்தது எனக்கு இந்த ஒன்றில்தான். சைவக்காரர்கள் பாலைத் திரிக்க என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது, சில இடங்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதைச் சேர்ப்பார்கள்.

சரி, சிப்பாய்க் கதைகள். சவாரியில் ஜோக்குக்கு நடுவே ஒன்றிரண்டு வரும், பாதிதான் சொல்வார்கள். அமெரிக்க ராணுவம் முதலில் இந்த வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1942 டிசம்பரில் மாசசூசெட்ஸின் புராவின்ஸ்டவுன் அருகே கடலோரக் காவல் படகு ஒன்று மணல் திட்டில் தட்டிக்கொண்டது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்று, மற்ற படகுகள் நெருங்க முடியவில்லை. சோதனைக்காக அங்கே நின்றிருந்த டக் போய் ஏழு பேரைக் கூட்டிவந்தது. அதற்குப் பிறகுதான் ராணுவத்தின் எதிர்ப்பு கரைந்தது. 1943 ஜூலையில் இத்தாலியின் சிசிலித் தீவின் கரையில் டக்குகள் வரிசையாக ஏறின.

1944 ஜூன் 6, பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கிய நாள். புவான்ட் டு ஹாக் செங்குத்துப் பாறையில் ஏற, லண்டன் தீயணைப்புத் துறையின் நூறடி ஏணிகளை டக்குகளில் பொருத்திக் கொண்டுபோனார்கள். குண்டு விழுந்து குழி குழியாகிக் கிடந்த கரையில் வண்டி பாறையடிக்குப் போக முடியவில்லை. ஒரு சார்ஜென்ட் விடவில்லை. ஏணியை நீட்டச் சொல்லி உச்சிக்குப் போய்விட்டார். கீழே டக் அலையில் ஆட, மேலே ஏணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, ஒவ்வொரு முறை பாறை விளிம்பைத் தாண்டி வரும்போதும் எந்திரத் துப்பாக்கியால் சுட்டாராம். ஏணி நுனியில் ஆடும் ஊஞ்சலில் நின்று போர்.

அதே நாளில் நார்மண்டியின் ஒமாஹா கரையில் நடந்தது இவ்வளவு சுவாரசியமில்லை. 105 மில்லிமீட்டர் பீரங்கிகளை டக்கில் ஏற்றினார்கள். பீரங்கி மட்டுமே இரண்டேகால் டன். வண்டியின் சுமை வரம்பு இரண்டரை அமெரிக்க டன், மெட்ரிக்கில் அதுவும் இரண்டேகால்தான். அதற்கு மேல் குண்டு, மணல் மூட்டை, ஆட்கள். அன்றைக்கு அலை உயரம். 111-ஆவது பீரங்கிப் படையின் 12 பீரங்கிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் மூழ்கின.

இத்தாலியின் கார்டா ஏரியில் 1945 ஏப்ரல் 30 இரவு, பத்தாவது மலைப் படையின் வீரர்களோடு சென்ற டக்கின் எஞ்சின் நடு ஏரியில் நின்றது. 25 பேர். ஒருவர் பிழைத்தார். இரண்டு நாளில், மே 2-இல், இத்தாலியில் போர் முடிந்தது. 2012-இல் அந்த வண்டி 276 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

போர்க்காலத்தோடு இது முடிந்துவிடவில்லை என்பதையும் சவாரிக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 மே 1-இல் ஆர்கன்சாவின் ஹாமில்டன் ஏரியில் ஒரு சுற்றுலா டக் மூழ்கி, 21 பேரில் 13 பேர் இறந்தார்கள். ஷாஃப்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கழன்றது காரணம். மேலே கட்டியிருந்த கூரை ஆட்களை வெளியே விடாமல் பிடித்துவைத்தது. 2018 ஜூலை 19-இல் மிசூரியின் டேபிள் ராக் ஏரியில் புயல் எச்சரிக்கை இருந்தும் இறங்கிய டக்கில் 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். ஆகவே ஏறும்போது முதலில் தலைக்கு மேலே பாருங்கள். கூரை இருந்தால் அது எப்படித் திறக்கும் என்று கேளுங்கள், உயிர்காப்பு ஜாக்கெட் எங்கே என்று கேளுங்கள். வானம் கறுத்திருந்தால் டிக்கெட் காசு போனால் போகட்டும்.

சவாரி முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும் இடத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள், அதற்குக் காசு கிடையாது. அடிவயிற்றிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். தெளிவாக வடிந்தால் ஆற்றுத் தண்ணீர். வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் உள்ளே எங்கோ ஒரு சீல் போகப்போகிறது. அந்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் வந்தால் வேறு வண்டிக்குக் காத்திருங்கள். ரயிலுக்குப் போக நேரமாகிவிட்டால் மட்டும் டாக்சி கூப்பிடுங்கள்.