19 ரூபாய்ச் சேனலும் ஓர் அறிவிக்கையும்

கேபிள் கட்டணம் ஏன் கூடியது என்று கேட்டால், "டிராய் ஏத்திட்டாங்க சார்" என்பதுதான் பல தெருக்களில் கிடைக்கும் பதில். உண்மையில் கட்டணச் சேனலின் விலையை நிர்ணயிப்பது ஒளிபரப்பு நிறுவனம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கான வரம்புகளையும் நிபந்தனைகளையும் மட்டுமே வகுக்கிறது. தொலைபேசித் துறையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட ஓர் ஆணையம் தொலைக்காட்சிக்குள் எப்படி வந்தது என்பது எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி.

1997ஆம் ஆண்டின் டிராய் சட்டம், தொலைத்தொடர்புச் சேவை என்பதன் வரையறையிலிருந்து ஒலி, ஒளிபரப்புச் சேவைகளை வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. ஆனால் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற காப்புரை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நுழைந்தது. அந்த அதிகாரத்தின்படி 2004 ஜனவரி 9 அன்று வெளியான அறிவிக்கைதான் கேபிளையும் டிடிஎச்சையும் டிராயின் கீழ்க் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமாக விவாதிக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு மாற்றம், இப்படி அறிவிக்கை வழியாக நடந்தேறியது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

2017 மார்ச்சில் டிராய் வெளியிட்ட கட்டண ஆணை, ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை அறிவிக்க வேண்டும் என்றும், பல சேனல்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்பில் 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறியது. நிகழ்ச்சிகளின் விலை பதிப்புரிமை சார்ந்தது, அதில் டிராய் தலையிட முடியாது என்று வாதிட்டு ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகின. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி டிராயின் பக்கமும், நீதிபதி எம். சுந்தர் எதிர்ப்பக்கமும் நின்றனர். மூன்றாவதாக விசாரித்த நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் தலைமை நீதிபதியின் கருத்தை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் டிராயின் அதிகாரத்தை உறுதிசெய்தது.

இந்த வெற்றிக்குள் ஒரு தோல்வியும் இருந்தது; அதைப் பலரும் கவனிக்கவில்லை. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்திருந்தது. அதனால் 2019 பிப்ரவரியில் புதிய முறை நடைமுறைக்கு வந்தபோது, வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை தாளில் இருந்தது, தொகுப்போ அதைவிட மலிவாகக் கிடைத்தது. 2022 நவம்பர் திருத்தம் தள்ளுபடிக்கு 45 சதவீத வரம்பு வைத்தது. அதன்படிக்கூட, தனி விலைகளின் கூட்டுத்தொகை 100 ரூபாயாக உள்ள தொகுப்பை 55 ரூபாய்க்குத் தரலாம். அதில் 19 ரூபாய்ச் சேனல்கள் மூன்றை மட்டும் தனியே எடுத்தால் 57 ரூபாய் ஆகிவிடும். பார்க்காத சேனல்களையும் சேர்த்து வாங்குபவரை யார் குறை சொல்ல முடியும்?

சேனல் விலைக்கு அப்பால், இணைப்புக்கான மாதக் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த வரம்பையும் டிராய் நீக்கிவிட்டது. கட்டணத்தை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்ற கடமை மட்டும் சேவையாளர்களுக்கு எஞ்சியுள்ளது. போட்டியே விலையை அடக்கும் என்பது இதற்கான நியாயம். ஒரே ஒரு கேபிள்காரர் மட்டும் இருக்கும் சிற்றூர்களில் அது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

தனிச் சந்தாதாரர் ஒருவர் வழக்குத் தொடுக்க விரும்பினால், தொலைத்தொடர்புத் தகராறுகளைத் தீர்க்கும் டிடிசாட் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடியாது. அது உரிமம் பெற்றவர்கள், சேவை நிறுவனங்கள், நுகர்வோர் குழுக்கள் ஆகியோரின் வழக்குகளுக்கானது. 19 ரூபாய்க்காகவும் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.