மெஜந்தா கனத்தபோது

அச்சில் படம் கனத்துப்போனால் மெஷின்மேனின் கை தானாகவே, மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் இங்க் கீயைத் தேடிப் போகும். மையைக் குறைத்ததும் முகங்கள் தெளிந்ததுபோல் இருக்கும். அதே தாளில் இருக்கும் சிவப்புத் தலைப்பு வெளுத்துவிடும். பிறகு தலைப்புக்காக மையைக் கூட்ட, முகங்கள் மறுபடி சிவக்கும். இந்த இழுபறியில் வீணாகும் தாள்களை யாரும் கணக்கெழுதுவதில்லை.

எங்கள் நான்கு வண்ண இயந்திரத்தில் மெஜந்தா என்ற செவ்வூதா மை இப்படித்தான் அடம்பிடித்தது. மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரை வைத்தால், முழுக்க மை நிரம்பிய சாலிட் கட்டத்தின் அடர்த்தி சரியாகவே இருந்தது. பாதிப் பரப்பைப் புள்ளிகள் மூட வேண்டிய 50 சதவீதக் கட்டம் மட்டும் 79 காட்டியது. பக்கத்தில் நீல மையான சியானும் கருப்பும் 70-ஐ ஒட்டி நின்றன. புள்ளி கொஞ்சமும் பெருக்காமல் அச்சாவது நடக்காத காரியம். மை அழுத்தத்தில் பரவுகிறது. தாளுக்குள் ஒளி சிதறுவதால் புள்ளி, இருப்பதைவிடப் பெரிதாகவும் தெரிகிறது. பெருக்கம் புள்ளியின் விளிம்பில் நடப்பது என்பதால், விளிம்பின் மொத்த நீளம் அதிகமாக இருக்கும் நடுத்தொனிகளே முதலில் அடிபடும். முகங்கள் இருப்பதும் அங்கேதான்.

மற்ற வண்ணங்கள் ஒழுங்காக இருந்ததால் தாளைக் குறைசொல்ல வழியில்லை. கோப்பில் இருந்த 50, அச்சுத் தகடான பிளேட்டிலும் 50 ஆகவே இருந்தது. ஆகவே கோளாறு மெஜந்தா யூனிட்டுக்குள்.

இந்த இடத்தில் மீட்டரைவிட, புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டும் லூப்பை நம்புகிறவன் நான். எண், எவ்வளவு பெருத்தது என்று மட்டுமே சொல்லும். புள்ளியின் உருவம், ஏன் என்று சொல்லும். எல்லாப் பக்கமும் சமமாகப் பெருத்திருந்தால் மை அதிகம், அல்லது மை சூடேறி இளகியிருக்கிறது, அல்லது தண்ணீரை அளவுக்கு மேல் உள்வாங்கியிருக்கிறது என்று தேடலாம். பக்கத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி நின்றால் அது டபுளிங். நாங்கள் பார்த்த புள்ளிகளோ தாள் ஓடும் திசையில் வால் முளைத்ததுபோல் நீண்டிருந்தன. தாள் ஓரத்துச் சோதனைப் பட்டையான கலர் பாரில், தாளைப் பிடித்திழுக்கும் கிரிப்பருக்கு இணையான கோடுகள் தடித்து, செங்குத்துக் கோடுகள் மெலிந்தே இருந்தன. ஸ்லர்தான் அது: அச்சாகும்போதே புள்ளி வழுக்கி இழுபடுவது.

அந்த யூனிட்டில், பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் உறையான பிளாங்கெட் சமீபத்தில் மாற்றப்பட்டிருந்தது. புது பிளாங்கெட் கொஞ்சம் ஓடியதும் நெகிழும்; நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கவில்லை. போதாக்குறைக்கு, சாலிட் திட்டுத்திட்டாக விழுகிறதென்று அடியில் ஒரு பேக்கிங் தாளையும் செருகியிருந்தார்கள். பேக்கிங் கேஜ் வைத்துப் பார்த்ததில், 0.10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பிளேட்–பிளாங்கெட் அழுத்தம் கிட்டத்தட்ட 0.20-ஐத் தொட்டது. தளர்ந்த ரப்பரை இப்படி நசுக்கினால் புள்ளி வழுக்காமல் என்ன செய்யும்?

இதற்கிடையில் பிளேட் பிரிவிலிருந்து ஒரு யோசனை வந்தது: பிளேட் எடுக்கும்போது புள்ளியின் அளவைத் திருத்தும் மெஜந்தா வளைவைக் குறைத்துப் புது பிளேட் எடுத்துவிடலாமே. எளிய வழிதான், நான் ஒப்பவில்லை. வளைவு, இயந்திரம் சீராக இருக்கும்போது வரும் பெருக்கத்தை ஈடுகட்டுவதற்கானது. தளர்ந்த பிளாங்கெட்டுக்கு ஏற்ப வளைவை வெட்டினால், பிளாங்கெட்டை இறுக்கும் அன்று முகங்கள் எல்லாம் வெளிறிப்போகும்.

செருகிய தாளை உருவிவிட்டு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சால் பிளாங்கெட்டை இறுக்கினோம். கட்டம் 72-க்கு இறங்கியது. மீதி இரண்டு, பிளேட்டில் மை தடவும் ஃபார்ம் ரோலர் அதில் பதியும் பட்டையின் அகலத்தைச் சரிசெய்ததில் போனது. சாலிட்டின் திட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. அதற்குக் காரணம், பிளேட்டுக்குத் தண்ணீர் தரும் டேம்பனிங்கில் இருந்தது. பேக்கிங் தாளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.