வைப்பர் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

நாமக்கல்லில் லாரி எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்களுக்கு மழைக்காலம் ஜூன் மாதமே தொடங்கிவிடும். இங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும், கேரளத்துக்கு முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகள் வாளையாறு தாண்டியதும் தென்மேற்குப் பருவமழைக்குள் நுழைந்துவிடுவதால், வைப்பர் ஓடவில்லை என்ற புகாரோடு திரும்பி வந்து நிற்கும். பழைய வண்டியாக இருந்தால், மோட்டார் போய்விட்டது, வேறு போடுங்கள் என்று ஓட்டுநர் தீர்ப்பே சொல்லிவிடுவார். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். மின்சாரம் அதற்குப் போய்ச் சேரும் வழியிலோ, அதைவிட அதிகமாக, அங்கிருந்து திரும்பும் வழியிலோதான் குறை இருக்கும்.

இதற்குக் காரணம் அந்த வண்டிகள் உருவான விதத்திலேயே இருக்கிறது. பழைய லாரிகளில் பல, சேஸிஸாக, அதாவது இன்ஜினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டமாக மட்டும் வாங்கப்பட்டு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் கேபின் கட்டப்பட்டவை. மின்சாரம் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். தனி எர்த் வயர் இல்லாமல் மோட்டாரின் உடல் வழியாகவே எர்த் எடுத்திருக்கும் வண்டியில், மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புவதற்குள் போல்ட், தகடு, கேபின் சட்டம், சேஸிஸ் எனப் பல இணைப்புகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு முறை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காகப் பெயின்ட் அடிக்கும்போதும் அந்த இணைப்புகளில் ஏதோ ஒன்றின் மேல் ஒரு பூச்சு கூடுகிறது. உள்ளே துருவும் சேர்கிறது.

ஒரு பத்துச் சக்கர லாரியின் ஓட்டுநர், "பகல்ல நல்லா ஓடுதுங்ணா, ராத்திரி லைட்டப் போட்டா நின்னுக்குது" என்றார். மீட்டரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிட்ட வாக்கியம் அது. ஹெட்லைட்டும் வைப்பரும் ஒரே எர்த் போல்ட்டைப் பங்கிட்டுக்கொண்டால் இப்படி நடக்கும். 24 வோல்ட் வண்டியில் 75 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். அந்த போல்ட்டில் துருவினால் வெறும் 1 ஓம் தடை ஏற்பட்டிருந்தாலே சுமார் 5 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டு, வைப்பருக்கு மிஞ்சுவது 19 வோல்ட்டுக்கும் குறைவாகிவிடும். கண்ணாடியில் பிளேடை இழுக்க அது போதவில்லை.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டர் பலரை ஏமாற்றுகிறது. மோட்டாருக்கு வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருக்கும் வயரிலும் முழு 24 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். அதனால் நான் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் இணைத்த டெஸ்ட் லேம்பைத்தான் முதலில் நம்புவேன். ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும் அந்த பல்பு, நலிந்த வயரில் மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். மீட்டரைப் பயன்படுத்துவதானால் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வைத்து அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த லாரியில் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டியதோடு, மோட்டார் உடலிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிட்டேன்.

எல்லாக் குறையும் எர்த்தினால் வருவதில்லை. ஸ்விட்சை அணைத்ததும் பிளேடு ஓரத்துக்குப் போகாமல் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டால், மோட்டாரின் கியர் பெட்டிக்குள் இருக்கும் பார்க்கிங் கான்டாக்டைப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் அணைந்த பிறகும் பிளேடு ஓரம் சேரும்வரை மின்சாரம் தருவது அதுதான். முதல் வேகம் ஓடாமல் இரண்டாவது வேகம் மட்டும் ஓடினால், ஸ்விட்சையும் மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும், அந்த வேகத்துக்குரிய கார்பன் பிரஷையும் பார்க்கலாம்.

ஃப்யூஸ் அடிக்கடி போனால் வயரிங்கைப் பிரித்துப் போடுவதற்கு முன், மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் லிங்க் கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. தனியாகச் சீராக ஓடினால், மூட்டுகளில் உள்ள புஷ் இறுகிப்போன அந்த லிங்க் அமைப்புதான் மோட்டாரைத் திணறவைக்கிறது. இதைப் பார்க்காமல் ஃப்யூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி அனுப்பிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃப்யூஸுக்குப் பதிலாக ஹார்னஸ் எனும் வயர் கட்டே எரிந்துபோன கேபினுக்குள் தலையை விட்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

எர்த் வேலையில் ஒரு சங்கடம், வண்டி உரிமையாளருக்குக் காட்டுவதற்குப் புதுப் பொருள் எதுவும் இருக்காது. சாமானே போடாமல் எதற்குக் கூலி என்று கேட்பார்கள். மோட்டாரை மாற்றியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அதனால் போல்ட்டைச் சுரண்டுவதற்கு முன், டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை முதலில் மோட்டார் உடலிலும் பிறகு பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, பல்பு மங்குவதையும் பளிச்சென்று எரிவதையும் ஓட்டுநரைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். உரிமையாளரிடம் கணக்கு ஒப்படைக்கும்போது ஓட்டுநருக்கும் அது உதவுகிறது.