தெரியவில்லை என்று எழுதும் வேலை

இந்த சீசனில் எஸ்எஸ் சிக்னி என்ற நட்சத்திரம் வெடித்ததைப் பிடித்துவிட்டேன். வழக்கமாக 12-ஆம் மேக்னிட்யூடில் (பொலிவின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) மங்கிக் கிடக்கும். வெடித்தால் 8-க்கு வரும், ஏறக்குறைய 40 மடங்கு வெளிச்சம். ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை வெடிப்பதால் பழகுவதற்குத் தோதானது. வெடித்த நாட்களில் சேலம் அஸ்தம்பட்டி மொட்டைமாடியிலிருந்தே 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் பளிச்சென்று தெரிந்தது.

பொலிவைக் கணிப்பதில்தான் ருசி. வரைபடத்தில் பக்கத்து நட்சத்திரங்களுக்கு 96, 109 என்று போட்டிருக்கும். 109 என்றால் 10.9, புள்ளி வைத்தால் அதையும் நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம் என்பதால் வைப்பதில்லை. நம்முடையதைவிடக் கொஞ்சம் பிரகாசமானது ஒன்று, மங்கலானது ஒன்று, இரண்டுக்கும் நடுவே இது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் சிவப்பு நட்சத்திரம் கண்ணுக்குப் பிரகாசமாகிக்கொண்டே போகும். அதனால் சட்டென்று பார்த்து, எழுதிவிட்டு, கண்ணை எடுத்துவிடுகிறேன்.

அப்புறம் சஜிட்டா விண்மீன் கூட்டத்தில் இருக்கும் டபிள்யூஇசட் சஜிட்டே. இதற்குத்தான் ஏற்காடு ஏறுவது. தெற்கே சேலத்து வெளிச்சத்தில் வானம் வெளிறிக் கிடந்தாலும் சஜிட்டா தலைக்கு மேலே வருவதால் பாதகமில்லை. பனிமூட்டம் மட்டும் விலக வேண்டும். 1913, 1946, 1978 என்று வெடித்த நட்சத்திரம். கணக்குப்படி அடுத்தது 2011 வாக்கில் என்று இருக்க, 2001-லேயே வெடித்து 8-ஐ ஒட்டிப் பிரகாசித்தது. இது இரட்டை நட்சத்திரம். துணை நட்சத்திரத்திலிருந்து, வெள்ளைக் குள்ளனை (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) சுற்றியுள்ள வட்டுக்கு வாயு மிக மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் வட்டு சூடேறி, வாயு மொத்தமாக உள்ளே சரியும். அதனால்தான் இத்தனை வருட இடைவெளி.

சும்மா இருக்கும்போது அது 15. என் தொலைநோக்கிக்கு எட்டாது. எனவே வெற்றிடத்தைப் பார்த்து, அன்றைக்குத் தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு நட்சத்திரத்தின் எண்ணை எடுத்து "<13.4" என்பதுபோல், அதாவது 13.4-ஐவிட மங்கல் என்று எழுதிவைக்கிறேன். வெடிப்பு எந்த இரவுக்கும் எந்த இரவுக்கும் நடுவே தொடங்கியது என்பது இப்படிப்பட்ட வரிகளிலிருந்துதான் தெரியவரும். என் நோட்டில் மதிப்புள்ள பக்கங்கள் இவைதான் என்பேன்.

எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணன் வந்து, "என்னங்க சார், ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்றார்.

"ஒன்னும் தெரியலைங்கண்ணா, அதைத்தான் எழுதிட்டிருக்கேன்."

டார்ச்சில் சுற்றியிருந்த சிவப்புத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை தொடங்கினால் சஜிட்டா கைவிட்டுப் போகும். மார்கழியில் வானம் தெளிந்ததும் யூ ஜெமினோரம், இதே மாதிரி வெடிக்கும் இன்னொரு நட்சத்திரம். 1855-இல் ஹைண்ட் கண்டுபிடித்தது, சுமார் 100 நாளுக்கு ஒரு வெடிப்பு. அதன் வரைபடத்தை இப்போதே பிரிண்ட் எடுத்தாயிற்று.