யாழ். பல்கலைக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருக்கிற முதன்மை வளாகத்தை ஒரே குரல் எண்டு நினைச்சு வராதேங்கோ. பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில. மாணவர் கூட்டத்துக்கோ போராட்டத்துக்கோ அங்கயிருந்து ஆக்கள் வரவேணுமெண்டால் முதல் நாளே பஸ் பேசவேணும். மருத்துவபீட மூத்த வருசங்கள் ஆஸ்பத்திரி வாட்டில நிக்கும். இதுகளைப் பார்க்காமல் காலமை நோட்டீஸ் ஒட்டினால் பின்னேரம் கூட்டம் மெலிஞ்சுதான் இருக்கும். அதை அக்கறையின்மை எண்டு சொல்லுறது அநியாயம்.

சிங்கள மாணவர்களும் இப்ப கணிசமாப் படிக்கினம். 2016 ஜூலையில விஞ்ஞானபீட வரவேற்பு நிகழ்வில தமிழ், சிங்கள மாணவருக்கிடையில வந்த மோதலை மறக்கேலாது. ஆனா அதே வருசம் ஒக்டோபரில கொக்குவில் குளப்பிட்டியில பொலிஸ் சுட்டு ரெண்டு மாணவர் செத்தபோது தெற்கு மாணவர்களும் நீதி கேட்டவை. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேணும்.

2009 இறுதி யுத்தத்தில செத்த சனத்தை நினைச்சு வளாகத்துக்குள்ள கட்டின முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரி 8 இரவு பல்கலை நிர்வாகம் இடிச்சபோது மழையில வாசலில இருந்தது மாணவர்தான். உண்ணாவிரதம் தொடங்கி, ஏப்ரலில புதுத்தூபி எழும்பிச்சுது.

யுத்தத்தின்ர கடைசி நாளில முள்ளிவாய்க்காலில சிக்கின சனம் கஞ்சி குடிச்சு உயிர் தப்பினதை நினைச்சு மே மாசம் கஞ்சி காய்ச்சுவினம். ஒரு சுண்டு (அளவுப் பேணி) அரிசிக்குப் பத்துச் சுண்டு தண்ணி, உப்பு மட்டும். தேங்காய்ப்பால் விடாதேங்கோ, அந்தச் சனத்துக்கு அது கிடைக்கேல்லை. ஆறினால் இறுகும், பக்கத்தில சுடுதண்ணிப் பானை வைச்சுக் கலக்கிக் கலக்கி சிரட்டையில வாருங்கோ. சிரட்டையை முதல் நாளே தும்பு போகச் சுரண்டிக் கழுவி வையுங்கோ.