எட்டாம் நாளிலிருந்து

ஜூலை 9
ரிப்போர்ட் வந்துவிட்டது. எனக்குக் கொப்பளிப்பானுக்கு, அதுதான் சிக்கன்பொக்ஸுக்கு, எதிர்ப்புச் சக்தி இல்லையாம். நாளையிலிருந்து 23ஆம் திகதி முடியும்வரை வார்டுக்கு வர வேண்டாம் என்று தொற்றுக் கட்டுப்பாட்டு மிஸ் போனில் சொன்னார். கொப்பளிப்பான் வந்த நோயாளியை வார்டில் நான் கவனித்த ஜூலை 2இலிருந்து எட்டாம் நாள் முதல் 21ஆம் நாள்வரை. நானும் இதைப் படித்துப் பரீட்சை எழுதியவள்தான்.

ஜூலை 10
காலை எட்டு மணிக்கு அக்கா தெஹிவளைக்குப் போய்விட்டாள், பெரியம்மா வீட்டுக்கு. ஏழு மாத வயிற்றோடு பையை அவளே தூக்கினாள். நான் தள்ளி நின்றேன்.

ஜூலை 11
தொற்றிய பிறகு பத்து நாளுக்கு முன் கொப்பளம் போடாது, ஆனால் போடுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவும், அதனால்தான் எட்டாம் நாள். சரி, அந்த எட்டாம் நாள் எப்போது தொடங்குகிறது? நள்ளிரவிலா? 9ஆம் திகதி இரவு நானும் அக்காவும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தோம்.

ஜூலை 12
ஒவ்வாமை என்றுதான் அந்த நோயாளியின் துண்டுச்சீட்டில் எழுதியிருந்தது. அன்டிபயோடிக் குடித்தவர், உடம்பெல்லாம் சிவந்திருந்தது, அதற்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முதுகைத் துடைத்துவிடும்போது சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்பளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டு, விரிப்பை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை டொக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அதுவரை அவருக்கு நடுக் கட்டில், மேலே சுற்றுகிற ஃபேன். பிறகு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள்! காற்றில் வருகிற கிருமியைத் திரை மறிக்குமா? தனி அறை வேண்டும், கதவு மூடியே இருக்க வேண்டும், அறைக் காற்று வார்டுக்குள் திரும்பக்கூடாது, ஏற்கெனவே இந்த நோய் வந்து மாறியவர்களையோ ஊசி போட்டவர்களையோதான் உள்ளே விட வேண்டும், அதுவும் கடைசிக் கொப்பளம் பொருக்குத் தட்டும்வரை. இருந்த ஒரே தனி அறையில் வேறொருவர். மாலையில்தான் காலியானது.

ஜூலை 13
நெற்றி, கழுத்து, வயிறு. ஒன்றுமில்லை.

ஜூலை 15
அம்மா எங்கிருந்தோ வேப்பிலை கொண்டுவந்து அறைக் கதவில் செருகியிருக்கிறார். இன்னும் ஒன்றும் வரவில்லையே என்றேன். "அப்படிச் சொல்லாதை பிள்ளை, அம்மாளாச்சிக்குக் கேட்கும்." அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது, நெற்றியில் தழும்பு இருக்கிறது, அதனால் அவர் வந்து போகலாம். ஜன்னலைத் திறந்து வை என்று நான் சொல்கிறேன், அவர் மூடுகிறார். 83 ஜூலைக் கலவரத்தில் பக்கத்து வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருந்தபோது ஜன்னலைத் தொடவே விடவில்லையாம். பிறகு கலண்டரில் 23ஐப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 16
அக்காவுக்குச் சிறுவயதில் வந்தது கொப்பளிப்பானா, சின்னமுத்தா (மீசில்ஸ்)? அம்மா ஒரு நாள் அது என்கிறார், ஒரு நாள் இது என்கிறார். இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன். எதிர்ப்பு இல்லையென்றால் கர்ப்பிணிகளுக்கு இம்யூனோகுளோபுலின் என்று எதிர்ப்புச் சக்தியையே ஏற்றுகிற ஊசி இருக்கிறது, நோயாளியோடு இருந்ததிலிருந்து பத்து நாளுக்குள். அந்தப் பத்தையும் 10ஆம் திகதி விடியற்காலையிலிருந்துதான் எண்ணுகிறேன்.

ஜூலை 2 எனக்குப் பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்குகிற ஷிஃப்ட். அப்படியென்றால் எட்டாம் நாள் 10ஆம் திகதி பின்னேரம் இரண்டு மணிக்குத்தானே? அக்கா எட்டு மணிக்கே போய்விட்டாள். கிருமிக்கு மணிக்கூடு தெரியுமா என்ன.

ஜூலை 17
மூன்று நாளுக்குள், மிஞ்சினால் ஐந்துக்குள், தடுப்பூசி போட்டிருக்கலாம். என் ரிப்போர்ட் வந்ததே ஏழாம் நாள். அரசாங்க அட்டவணையில் இந்த ஊசி கிடையாது, காசு கொடுத்துப் போட வேண்டியதுதான், வேலைக்குச் சேர்ந்தபோதே போட்டிருக்கலாம். அந்த மாதம் போன் வாங்கினேன்.

ஜூலை 18
முழங்கைக்கு மேலே ஒரு புள்ளி. பேனாவால் சுற்றி வட்டம் போட்டேன். இரவு மறைந்துவிட்டது. நுளம்பு.

ஜூலை 19
அக்காவின் ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. இரண்டு தரம் கோல் எடுத்தேன், சாப்பாட்டைப் பற்றியே கதைத்தாள்.

ஜூலை 20
காலையில் காய்ச்சல், 100.4. நாரி உளைவு. முதுகில் எங்கோ கடிக்கிறது, என் கண்ணாடியில் அந்த இடம் தெரியவில்லை, அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார்