முனை அறுந்த பிக்கப்

சென்ற பங்குனியில், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோயில் திருவிழாக் கச்சேரியில், பாட்டின் இடையிசைக்காகச் சுவிட்சைப் பிரிட்ஜ் பிக்கப்புக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்துக்குத் தள்ளியதும் என் எலெக்ட்ரிக் கிட்டார் ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல ஒரு மெல்லிய கீச்சொலி மட்டும் வந்துகொண்டிருந்தது. மீதி இரவை மற்ற இரண்டு பிக்கப்புகளைக் கொண்டே ஓட்டினேன்.

என்னுடையது 1954-இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த கிட்டார். அதில் மூன்று ஒற்றைக் காயில் (கம்பிச்சுருள்) பிக்கப்புகள். ஒவ்வொன்றிலும் ஆறு அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தங்களைச் சுற்றி, 42 கேஜ் எனாமல் கம்பி சுமார் எட்டாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அந்தக் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர்தான், தலைமுடியை விடவும் சற்று மெலிந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது காயிலில் பிறக்கும் சிறு மின்னழுத்தமே ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. எனவே அந்த எட்டாயிரம் சுற்றுகளில் ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் பாதை முறிந்துவிடும். ஆனால் அறுந்த பிக்கப் முழு மௌனமாகிவிடுவதில்லை. அறுந்த இரு பகுதிகளும் அருகருகே இருப்பதால் அவை ஒரு சிறிய கெப்பாசிட்டரை (மின்தேக்கியை)ப் போல் நடந்துகொண்டு உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் கடத்திவிடுகின்றன. நான் கேட்ட கீச்சொலியின் காரணம் அதுதான்.

மற்ற பிக்கப்புகள் ஒலித்ததால் கேபிள், ஜாக், வால்யூம் மூன்றின் மீதும் சந்தேகம் எழவில்லை. மிஞ்சியவை சுவிட்சும் பிக்கப்பும். வீட்டுக்கு வந்து, பிக்கப்புகள் பொருத்தியிருக்கும் மேல்தகடான பிக்கார்டைக் கழற்றி, சுவிட்சை நெக் பிக்கப், அதாவது கழுத்துப் பக்கத்துப் பிக்கப், பக்கம் தள்ளிவைத்துவிட்டு, பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு ஒயர்களிலும் மல்ட்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். இப்படிச் சுவிட்சைத் தள்ளிவைக்காவிட்டால் வால்யூம் குமிழின் 250 கிலோ ஓம் மின்தடையும் காயிலோடு இணையாகச் சேர்ந்து கணக்கைக் குழப்பும். நல்ல காயிலாக இருந்தால் 5.5-க்கும் 7-க்கும் இடையில் ஓர் எண் வந்திருக்க வேண்டும். மீட்டரில் இடப்பக்கம் ஒற்றை 1 மட்டும் நின்றது; பாதை அறுந்திருப்பதன் அடையாளம் அது. கோளாறு பிக்கப்பில்தான்.

புதியது வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கும்போது அவர் கடையில் நிற்கவும் இடம் இருக்காது. பங்குனியில் பேச நேரம் இருந்தது. அவரிடம் இருந்தவற்றிலேயே மெல்லியதான மின்விசிறிக் கம்பி, என் பிக்கப் கம்பியின் பக்கத்தில் கயிறு போலத் தெரிந்தது. அவர் லென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு, "காயில் போயிருக்காது தம்பி, முனைதான் அத்திருக்கும். அங்க பாருங்க, பச்சை பூத்திருக்கு" என்றார்.

காயிலின் வெளிமுனை, ஃபைபர் தட்டின் துளைக்கண்ணில் பற்றவைக்கப்பட்டிருக்கும் இடத்தில், களிம்பு பிடித்து உதிர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒயர் மாற்றியபோது பற்றவைக்கும் பேஸ்டைத் தாராளமாகத் தடவி, துடைக்காமல் மூடிவிட்டவன் நானே. அதன் அமிலமும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து மேடைகளின் உப்புக் காற்றும், என் வியர்வையும் சேர்ந்து கம்பியை அரித்துவிட்டன. வெளிமுனையாக இருந்தது என் நல்லூழ். உள்முனை காந்தத்தை ஒட்டி முதற்சுற்றிலேயே அறுந்திருந்தால், மொத்தக் கம்பியையும் வெட்டியெறிந்து புதிதாகச் சுற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

பழைய ஈயத்தை நீக்கி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பேஸ்டைத் துடைத்தேன். வெளிச்சுற்றுகள் இரண்டைப் பிரித்துக் கம்பிக்கு நீளம் எடுத்துக்கொண்டேன்; எட்டாயிரத்தில் இரண்டு குறைவதை எந்தக் காதும் அறியாது. எனாமலைச் சுரண்டத்தான் பொறுமை வேண்டியிருந்தது. மிக நுண்ணிய உப்புத்தாளை மடித்து, அதனிடையே கம்பியை வைத்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். முதல் தடவை கம்பி கையோடு வந்துவிட்டது. இன்னொரு சுற்றைப் பிரிக்க நேர்ந்தது. ரோசின் (பிசின்) உள்ள ஈயத்தால், சூட்டுக்கோலை ஒரு நொடிக்கு மேல் வைக்காமல் பற்றவைத்தபின் மீட்டர் 6.1 காட்டியது.

முனை அசையாதிருக்க அதன்மேல் சிறிது தேன்மெழுகை உருக்கி விட்டேன். தஞ்சாவூர் வீணையின் மெட்டுகளைப் பதிக்கும் கரித்தூள் மெழுகு கைவசம் இருந்தும் அதைத் தொடவில்லை. பின்னொரு நாள் பிரிக்க நேர்ந்தால் எதுவும் தெரியாத கருப்பாகிவிடும். முழுக் காயிலையும் மெழுகில் முக்குவதானால் பாரஃபினோடு ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, நேரடி நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 பாகை அளவில் உருக்க வேண்டும். சூடு மிகுந்தால் பிளாஸ்டிக் பாகங்கள் நெளிந்துவிடும்.

மூடித் திருகி வாசித்தபோது பிரிட்ஜ் பிக்கப் தனியே நன்றாக ஒலித்தது. ஆனால் நடு பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் இரண்டாம் நிலையில் ஒலி மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் வந்தது. அவசரத்தில் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். இரு காயில்களின் அலைகளும் எதிரெதிராகி ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. மறுபடி ஆறு தந்திகளையும் தளர்த்தி, பிக்கார்டைக் கழற்றி, ஒயர்களை மாற்றி முடிக்கும்போது இரவு பதினொன்றாகிவிட்டது.